பல் சிகிச்சைக் குறியீடுகளும் காப்பீட்டுக் கிளெய்மும்: சேலத்தில் புதிதாகப் பணியில் சேர்வோர் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் இருந்துகொண்டு அமெரிக்கப் பல் மருத்துவமனைகளுக்குப் பில்லிங் செய்து தரும் அலுவலகங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பட்டதாரிகளில் சிலர் பல் மருத்துவம் படித்தவர்கள். பலர் வணிகவியலோ அறிவியலோ படித்தவர்கள். இரு சாராரும் முதல் சில மாதங்களில் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். குறியீடுகளின் சொற்கள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், ஐயம் எழும்போது நடப்பாண்டின் குறியீட்டு நூலையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

மெடிக்கல் கோடிங் வகுப்பில் சிபிடி படித்திருக்கிறேன். டெண்டல் கிளெய்முக்கு அது போதாதா?

போதாது. சிபிடி என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குறியீடு. பல் சிகிச்சைக்கு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமான ஏடிஏ பராமரிக்கும் சிடிடி என்ற தனிக் குறியீட்டு முறை உண்டு. 1996-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட, நலக்காப்பீடு பற்றியும் நோயாளித் தகவல் பாதுகாப்பு பற்றியுமான ஹிப்பா சட்டத்தின் கீழ், மின்னணு முறையில் அனுப்பப்படும் டெண்டல் கிளெய்ம்களுக்கு உரிய தரக் குறியீடாக 2000-ஆம் ஆண்டில் அது அறிவிக்கப்பட்டது. 'டி' என்ற எழுத்தும் அதையடுத்து நான்கு இலக்கங்களும் சேர்ந்தது ஒரு குறியீடு.

முதல் இலக்கத்தைப் பார்த்தாலே சிகிச்சை எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். பூஜ்யம் என்றால் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். ஒன்று என்றால் நோய்த்தடுப்பு. இரண்டு என்றால் பல் அடைத்தலும், பல்லின் மேல் பொருத்தும் உறையான கிரவுனும். மூன்று என்றால் ரூட் கெனால். நான்கு என்றால் ஈறு சிகிச்சை. ஐந்தில் கழற்றி மாட்டும் பல்செட். ஆறில் இம்ப்ளான்டும் பிரிட்ஜும். ஏழில் பல் பிடுங்குதல் முதலிய அறுவை. எட்டில் பல் வரிசையைச் சீராக்கும் கிளிப் சிகிச்சை. ஒன்பதில் மயக்க மருந்து போன்ற துணைச் சேவைகள்.

ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு தலைப்பும், பெரும்பாலானவற்றுக்கு அதன் கீழ் ஒரு விளக்கமும் இருக்கும். புதியவர்கள் தலைப்போடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் எது அந்தக் கட்டணத்துக்குள் அடங்கும், எது அடங்காது, எந்த நிலையில் அந்தக் குறியீட்டைப் போடலாம் என்பதெல்லாம் விளக்கத்தில்தான் இருக்கிறது. டி0150 என்ற முழுப் பரிசோதனைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது புதிய நோயாளிக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ சிகிச்சைக்கு வராமல் இருந்து திரும்பி வரும் பழைய நோயாளிக்கும் அது பொருந்தும் என்பது விளக்கத்தைப் படித்தவருக்கே தெரியும்.

பல் எண்களில் ஏன் இவ்வளவு குழப்பம்?

நாம் படித்த எண்ணும் அவர்கள் எழுதும் எண்ணும் வேறு என்பதால்தான். நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் எஃப்டிஐ முறை கற்பிக்கப்படுகிறது: வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, முதல் இலக்கம் கால்பகுதியையும் இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். அமெரிக்காவில் யுனிவர்சல் முறை வழங்குகிறது. மேல் வலது ஞானப்பல் 1. அங்கிருந்து மேல்தாடை முழுவதும் சுற்றி மேல் இடது ஞானப்பல் 16. கீழே இறங்கி இடது ஞானப்பல் 17. அப்படியே வலப்புறம் வந்து கீழ் வலது ஞானப்பல் 32. பால்பற்கள் இருபதுக்கும் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள்.

14 என்று கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்டிஐ பழகிய கண்ணுக்கு அது மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். யுனிவர்சல் முறையில் அதுவே மேல் இடது முதல் கடைவாய்ப்பல். அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்யப்பட்டிருந்தால் சரியான குறியீடு கடைவாய்ப்பல்லுக்கு உரிய டி3330. எஃப்டிஐ நினைவோடு படிப்பவர் முன்கடைவாய்ப்பல்லுக்கு உரிய டி3320-ஐப் போட்டுவிடுவார். மருத்துவர் செய்த வேலைக்குக் குறைந்த தொகை வரும், அல்லது எக்ஸ்ரே வேறு பல்லைக் காட்டுகிறது என்று கிளெய்ம் திரும்பி வரும்.

இந்தப் பிழையை மென்பொருள் எப்போதும் பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. எஃப்டிஐ முறையில் 41 முதல் 48 வரை உள்ள எண்களைத் தட்டினால், யுனிவர்சல் முறையில் அப்படி ஒரு பல்லே இல்லாததால், திரை உடனே மறுத்துவிடும். 11 முதல் 18 வரையும், 21 முதல் 28 வரையும், 31, 32 ஆகியவையும் இரண்டு முறைகளிலும் செல்லுபடியாகும் எண்கள் என்பதால், அங்கே நடக்கும் தவறு ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய்விடும். 18 என்ற எண் ஒரு முறையில் மேல் வலது ஞானப்பல்; இன்னொரு முறையில் கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப்பல். பி.காம். படித்துவிட்டு வந்தவரைவிட பி.டி.எஸ். முடித்தவரே முதல் மாதத்தில் இதில் தடுமாறுவதை நான் கவனித்திருக்கிறேன். முன்னவருக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை.

பல் அடைத்ததற்குக் குறியீட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மருத்துவர் எழுதிய குறிப்பிலிருந்து மூன்று விவரங்களை எடுக்க வேண்டும்: எந்தப் பல், எந்தப் பொருளால் அடைத்தார், எத்தனை பரப்புகள். 'பல் 30, எம்ஓ, காம்போசிட்' என்று இருந்தால், 30 கீழ் வலது முதல் கடைவாய்ப்பல். பொருள் பல்நிறக் கலவை. முன்பக்கத்துப் பல்லை நோக்கிய பரப்பும் மெல்லும் பரப்பும் சேர்ந்து இரண்டு பரப்புகள். பின்பற்களுக்கான காம்போசிட் வரிசை ஒரு பரப்புக்கு டி2391-இல் தொடங்கி, நான்கும் அதற்கு மேலும் ஆனால் டி2394-இல் முடிகிறது. ஆகவே இதற்கு டி2392. அதே பல்லில் வெள்ளி அமால்கம் வைத்திருந்தால் டி2150. முன்பற்களுக்கான காம்போசிட் வரிசை வேறு. அது டி2330-இல் தொடங்கும்.

ஒரே பல்லில் ஒன்றையொன்று தொடாத இரண்டு தனி அடைப்புகள் இருந்தால், குறிப்பில் உள்ளபடி தனித்தனியாகவே எழுத வேண்டும். காப்பீட்டு நிறுவனம் தன் விதிப்படி அவற்றைச் சேர்த்து ஒரே அடைப்பாகக் கணக்கிட்டுப் பணம் தரலாம். அது அவர்கள் முடிவு. பரப்புகளின் எண்ணிக்கையை எக்ஸ்ரேயைப் பார்த்து நாமாகக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

'பல் சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. எந்தக் குறியீடு?

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஏழு வெவ்வேறு குறியீடுகள் காத்திருக்கின்றன. டெண்டல் பில்லிங்கில் அதிகமாகத் தணிக்கைக்கு உள்ளாகும் இடங்களில் இதுவும் ஒன்று என்பதால், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஈறும் எலும்பும் நல்ல நிலையில் உள்ளவருக்கு, பற்களில் படிந்த அழுக்கையும் காரையையும் கறையையும் நீக்கினால் அது டி1110, குழந்தைக்கு டி1120. இவ்விரண்டையும் பிரிப்பது வயது என்று பலர் சொல்வார்கள். குறியீட்டு விளக்கமோ பற்களின் வளர்ச்சி நிலையைத்தான் பேசுகிறது: நிலைப்பற்கள் உள்ளவருக்கு முன்னது, பால்பற்கள் உள்ளவருக்குப் பின்னது, இரண்டும் கலந்த பருவம் இரண்டு விளக்கங்களிலும் வருகிறது. வயது வரம்பு காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. பல திட்டங்கள் 14 வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எலும்புத் தேய்மானம் ஏற்பட்டு, ஈறுக்குக் கீழே வேர்ப்பரப்பு வரை சென்று சுரண்டிச் சீராக்கினால், அது தடுப்பு அன்று, சிகிச்சை. ஒரு கால்பகுதியில் நான்கு பற்களுக்கோ அதற்கு மேலோ செய்தால் டி4341. ஒன்று முதல் மூன்று பற்களுக்குச் செய்தால் டி4342. இவற்றைக் கால்பகுதி வாரியாகவே எழுத வேண்டும்: மேல் வலதுக்கு 10, மேல் இடதுக்கு 20, கீழ் இடதுக்கு 30, கீழ் வலதுக்கு 40. இதற்குச் சான்றாக ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளந்த ஈறு ஆழ அட்டவணையும், எலும்பு இறங்கியிருப்பதைக் காட்டும் எக்ஸ்ரேயும் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் 4 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழத்தை எதிர்பார்க்கின்றன. அட்டவணையில் மேல் இடது கால்பகுதியில் இரண்டு பற்களுக்கு மட்டும் 5 என்றும் மற்றவற்றுக்கெல்லாம் 2, 3 என்றும் இருக்கும்போது, நான்கு கால்பகுதிகளுக்கும் டி4341 கேட்டு ஒரு கிளெய்ம் போனால், அதை அனுப்பியவர் அட்டவணையைத் திறந்தே பார்க்கவில்லை என்பது எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

எலும்பு நன்றாக இருந்து, ஈறு மட்டும் பரவலாக வீங்கிச் சிவந்து இரத்தம் கசியும் நிலை ஒன்று உண்டு. முன்பு இதற்குக் குறியீடு இல்லாததால் டி1110-க்கும் டி4341-க்கும் இடையில் மருத்துவமனைகள் திண்டாடின. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் டி4346 சேர்க்கப்பட்டது. இது முழு வாய்க்கும் ஒரே குறியீடு, கால்பகுதி கிடையாது, பரிசோதனை முடிந்த பிறகே செய்யப்பட வேண்டும். காரை அளவுக்கு மீறிப் படிந்து பரிசோதனையே செய்ய இயலாதபடி இருப்பவருக்கு, முதலில் மேலோட்டமாக நீக்கினால் அது டி4355.

ஏழாவது டி4910. ஈறு சிகிச்சை முடித்தவர்களுக்குத் தொடர்ந்து செய்யும் பராமரிப்புக்கு உரியது. இதைப் போடும்போது, முன்பு டி4341 போன்ற சிகிச்சை நடந்த தேதியைத் தேடி எடுத்துக் கிளெய்மில் குறிப்பிடுங்கள். வேறொரு மருத்துவமனையில் அது நடந்திருந்தால் இந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பதிவில் இருக்காது; தேதி இல்லாமல் அனுப்பினால் மறுப்பு வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு சொன்ன பிறகும், வெறும் 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்பை வைத்துக்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. மருத்துவமனைக்குக் கேள்வி அனுப்பி, பதில் வரும்வரை கிளெய்மை நிறுத்தி வைப்பதே வழி.

பல் பிடுங்குதலில் சாதாரணம், அறுவை என்று எப்படிப் பிரிப்பது?

பல் கடினமாக வந்ததா எளிதாக வந்ததா என்பதைக் குறியீடு கேட்பதில்லை. முளைத்த பல்லை நெம்பியோ இடுக்கியால் பிடித்தோ எடுத்தால் டி7140. எலும்பை நீக்கியோ, பல்லைத் துண்டாக வெட்டியோ, இரண்டும் செய்தோ எடுத்தால் டி7210. ஒரு மணி நேரம் போராடியதும் தையல் போட்டதும் ஒரு சாதாரண பிடுங்கலை அறுவையாக்கிவிடா. ஈறை விலக்கித் திறந்ததாக மட்டும் எழுதி, எலும்பையோ பல்லை வெட்டியதையோ பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் டி7210 நிற்காது. குறிப்பில் 'பல் 19, தலைப்பகுதி உடைந்தது, பர் (சுழலும் வெட்டுமுனை) கொண்டு வேர்கள் பிரிக்கப்பட்டன, தனித்தனியாக எடுக்கப்பட்டன' என்று இருந்தால், வெட்டியதற்குச் சான்று கிடைத்துவிட்டது.

புதைந்த ஞானப்பல்லுக்கு அளவுகோல் வேறு. பல்லின் மெல்லும் பரப்பு மென்திசுவால் மட்டும் மூடியிருந்தால் டி7220. பல்லின் தலைப்பகுதி ஓரளவு எலும்பில் மூடியிருந்தால் டி7230. பெரும்பகுதியோ முழுவதுமோ மூடியிருந்தால் டி7240. எக்ஸ்ரேயும் அறுவைக் குறிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

ரூட் கெனால், பில்டப், கிரவுன் மூன்றும் ஒரே பல்லில் வந்தால்?

மூன்றும் தனித்தனிக் குறியீடுகள். ரூட் கெனால் குறியீடு பல்லின் வகையைப் பொறுத்தது: முன்பல்லுக்கு டி3310, முன்கடைவாய்ப்பல்லுக்கு டி3320, கடைவாய்ப்பல்லுக்கு டி3330. வேர்க்குழாய் மூன்றோ நான்கோ என்பது கணக்கில் வராது. நோயாளி எத்தனை தடவை வந்தார் என்பதும் வராது. இறுதியாகப் பல்லை மூடும் அடைப்பு இதில் சேராது.

டி2950 என்ற பில்டப் குறியீட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். கிரவுனைத் தாங்கிப் பிடிக்கப் போதுமான பல் மிச்சமில்லாதபோது, தலைப்பகுதியைக் கட்டி எழுப்புவதற்கு உரியது அது. செதுக்கிய பல்லில் உள்ள பள்ளத்தைச் சமப்படுத்த வைத்த பூச்சுக்கு அது உரியதன்று என்று விளக்கமே சொல்கிறது. ஆகவே பல்லில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்ற வாசகம் குறிப்பிலும், செதுக்குவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே கோப்பிலும் இருக்க வேண்டும். வேருக்குள் ஆயத்தத் தண்டு வைத்துக் கட்டியிருந்தால் டி2954. அதோடு டி2950-ஐச் சேர்க்கக் கூடாது.

கிரவுனுக்கு, எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதை லேப் சீட்டில் பாருங்கள். முழுவதும் செராமிக் என்றால் டி2740. உலோகத்தின் மேல் பீங்கான் என்றால், உலோகத்தைப் பொறுத்துக் குறியீடு மாறும்: கலவையின் எடையில் மதிப்புமிகு உலோகம் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல், தங்கம் மட்டும் 40-க்குக் குறையாமல் இருந்தால் டி2750, மதிப்புமிகு உலோகம் 25 விழுக்காடாவது இருந்தால் டி2752, அதற்கும் குறைந்தால் டி2751. தேதியிலும் கவனம் வேண்டும். பல்லைச் செதுக்கிய நாளும் கிரவுனை ஒட்டிய நாளும் வெவ்வேறு. பல நிறுவனங்கள் ஒட்டிய நாளையே சிகிச்சைத் தேதியாகக் கேட்கின்றன, சில செதுக்கிய நாளை ஏற்கின்றன. அந்தத் திட்டத்தின் விதியைப் பார்க்காமல் தேதியைப் போடாதீர்கள்.

மரப்பு ஊசிக்குத் தனியாகக் கேட்கலாமா?

டி9215 என்ற குறியீடு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான திட்டங்களில் அது சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும்.

காப்பீடு தராத சிகிச்சைக்கு, தரக்கூடிய ஒரு குறியீட்டைப் போடும்படி மருத்துவமனை கேட்கிறது. நான் என்ன செய்வது?

செய்யக் கூடாது. குறியீடு என்பது செய்த வேலையைச் சொல்வது. பணம் வருமா என்பது அதற்குப் பிறகு எழும் கேள்வி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் அது பொய்யான கிளெய்ம். அரசுப் பணம் செல்லும் மெடிக்கெய்டு திட்டத்தில் அப்படி நடந்தால் அமெரிக்காவின் பொய்க் கிளெய்ம் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். தனியார் நிறுவனமாக இருந்தாலும் ஒப்பந்த மீறலும் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் வரும்.

இது எப்போதும் கெட்ட எண்ணத்தோடு கேட்கப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்பல்லில் காம்போசிட் வைத்த கிளெய்முக்குப் பல திட்டங்கள் அமால்கத்தின் விலையையே தருகின்றன. மிகக் குறைந்த செலவுள்ள மாற்றுச் சிகிச்சைக்கு மட்டும் பணம் என்ற விதி அது. உடனே மருத்துவமனையின் முன்மேசையில் இருப்பவர், 'அடுத்த முறை நேராக டி2150 போட்டு அனுப்பிவிடுங்கள், வேலை மிச்சம்' என்று அன்போடு எழுதுவார். அப்படி அனுப்பினால், வைக்காத அமால்கத்தை வைத்ததாக நோயாளியின் பதிவில் ஏறிவிடும். செய்தது டி2392 என்றால் அதையே அனுப்புங்கள். விலையைக் குறைப்பது நிறுவனத்தின் வேலை. மீதித் தொகையை நோயாளியிடம் வாங்கலாமா என்பதை மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் தீர்மானிக்கும்.

கேட்பவர் வற்புறுத்தினால், வாய்ப்பேச்சில் முடிக்காமல் எழுத்தில் பதில் கேட்டு, உங்கள் குழுத் தலைவருக்கும் தெரிவியுங்கள்.

கிளெய்மோடு சேர்த்து அனுப்பும் விளக்கக் குறிப்பை எப்படி எழுதுவது?

சுருக்கமாக, கோப்பில் உள்ள உண்மைகளை மட்டும் கொண்டு எழுத வேண்டும். 'நோயாளிக்குக் கிரவுன் மிகவும் தேவைப்பட்டது' என்பதால் ஒரு பயனும் இல்லை. 'பல் 3-இல் பழைய நான்கு பரப்பு அமால்கம் இருந்தது. நாக்குப் பக்கத்து முனை ஈறு மட்டத்தில் உடைந்துள்ளது. மிஞ்சிய பல் பாதிக்கும் குறைவு. சொத்தையை நீக்கிய பின் எடுத்த படம் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால், கிளெய்மைப் பரிசீலிக்கும் பல் மருத்துவர் வேறெதையும் தேட வேண்டியதில்லை. முந்தைய கிரவுனை மாற்றுவதாக இருந்தால், அது முதலில் பொருத்தப்பட்ட தேதியையும் மாற்றுவதற்கான காரணத்தையும் சேருங்கள். பொருத்தமான குறியீடே இல்லாதபோது டி2999, டி7999 போன்ற, 999-இல் முடியும் குறியீடுகளைப் பயன்படுத்தலாம். அவற்றுக்கு விளக்கக் குறிப்பு கட்டாயம். ஒரு வார்ப்புருவை வைத்துக்கொண்டு எல்லா நோயாளிகளுக்கும் அதே வாசகத்தை ஒட்டுவது, கிளெய்ம்களை வரிசையாகப் பார்ப்பவரின் ஐயத்தைத் தூண்டும்.

நோயைக் குறிக்கும் ஐசிடி குறியீடு டெண்டலில் தேவையா?

டெண்டல் கிளெய்ம் படிவத்தில் நான்கு நோய்க் குறியீடுகள் வரை எழுத இடம் உண்டு. எல்லாத் திட்டங்களும் கேட்பதில்லை, சில மெடிக்கெய்டு திட்டங்கள் கேட்கின்றன. புதைந்த பல்லுக்கு கே01.1, சீழ்வழி இல்லாத வேர்நுனிச் சீழ்க்கட்டிக்கு கே04.7 என்பவை அடிக்கடி வரும். விபத்தில் தாடை உடைதல், திசுப் பரிசோதனை, உறக்கத்தில் மூச்சுத் தடைக்கான வாய்க்கருவி போன்றவற்றில் மருத்துவக் காப்பீட்டுக்கே முதலில் போக வேண்டி வரலாம். அப்போது படிவமும் சிபிடியும் மாறுவதோடு ஐசிடி கட்டாயமாகிவிடும்.

சரியான குறியீடு போட்டும் மறுப்பு வருகிறது. ஏன்?

குறியீடு சரியாக இருப்பதும் பணம் வருவதும் வெவ்வேறு. நிறுவனம் அனுப்பும் ஈஓபி என்ற விளக்கச் சீட்டில் காரணக் குறிப்பைப் படியுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை என்ற வரம்பு முடிந்திருக்கலாம். பெரிய சிகிச்சைக்கான காத்திருப்புக் காலம் முடியாமல் இருக்கலாம். பாலிசி தொடங்குவதற்கு முன்பே விழுந்துவிட்ட பல்லுக்குப் பிரிட்ஜ் கேட்டிருந்தால், அந்த இடத்துக்குப் பணம் இல்லை என்ற விதி குறுக்கே நிற்கலாம். இவற்றை மேல்முறையீடு செய்து மாற்றுவது கடினம். சான்று போதவில்லை என்ற மறுப்பு வேறு வகை. அட்டவணையும் படமும் சேர்த்து மறுபடி அனுப்பினால் பல நேரம் தீர்ந்துவிடும்.

இரண்டு பெற்றோரின் காப்பீட்டிலும் ஒரு குழந்தை இருந்தால், எது முதல் காப்பீடு என்பதைப் பிறந்தநாள் விதி முடிவு செய்யும்: காலண்டரில் யார் பிறந்தநாள் முன்னால் வருகிறதோ அவர் பாலிசி முதலாவது. பிறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. மார்ச்சில் பிறந்த இளைய தாயின் பாலிசி, அக்டோபரில் பிறந்த மூத்த தந்தையின் பாலிசிக்கு முன் செல்லும். பெற்றோர் பிரிந்து, நீதிமன்ற உத்தரவு இருந்தால் அந்த உத்தரவே முதன்மை பெறும்.

சிகிச்சைக்கு முன்பே தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா?

கேட்கலாம். கிரவுன், பிரிட்ஜ், ஈறு சிகிச்சை போன்ற பெரிய வேலைகளுக்கு முன்மதிப்பீடு அனுப்புவது நல்லது. அது மதிப்பீடுதான், பணத்துக்கு உறுதி அன்று. இடையில் ஆண்டு உச்சவரம்பு தீர்ந்துபோனாலோ பாலிசி நின்றுபோனாலோ, முன்பு சொன்ன தொகை வராது.

ஏற்காட்டில் வீடு. மழைக்காலத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாமா?

உங்கள் அலுவலகம் அனுமதித்தால் பார்க்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளை நள்ளிரவில் ஏறிப் போவதைவிட அது பாதுகாப்பானதுதான். நிபந்தனை ஹிப்பா சட்டத்திலிருந்து வருகிறது: நோயாளியின் பெயர், பிறந்த தேதி, எக்ஸ்ரே எதுவும் அலுவலகத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு வெளியே போகக் கூடாது. திரையைக் கைப்பேசியில் படம் எடுப்பது, தெரிந்த பல் டாக்டரிடம் வாட்ஸ்அப்பில் எக்ஸ்ரேயை அனுப்பி 'இது டி7230-ஆ டி7240-ஆ அண்ணா' என்று கேட்பது, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுப்பது ஆகிய மூன்றும் வேலை போவதற்குப் போதுமான காரணங்கள். காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைக்கும் வேலை என்றால், நியூயார்க்கில் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30 என்பதையும், அந்த நேரத்தில் மலையில் மின்சாரமும் இணையமும் நிற்குமா என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டாரின் பல் சிகிச்சைக்கு, நம் ஊர் பாலிசியில் இந்தக் குறியீடுகளைப் போட்டுக் கேட்கலாமா?

தேவையில்லை. இங்குள்ள பாலிசிகள் பலவற்றில், விபத்து போன்ற காரணத்தால் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் பல் சிகிச்சைக்கே இடம் உண்டு. வழக்கமான அடைப்பும் ரூட் கெனாலும் வெளிநோயாளிப் பிரிவைத் தனியாகச் சேர்த்த பாலிசிகளில்தான் வரும். கேட்கப்படுவது மருத்துவரின் சீட்டு, பில், ரசீது, எக்ஸ்ரே. பில்லில் பல் எண்ணும் சிகிச்சையின் பெயரும் தனித்தனி வரியாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். அங்கே எழுதப்படும் எண் எஃப்டிஐ முறையில் இருக்கும். அலுவலகப் பழக்கத்தில் அதைத் திருத்திவிடாதீர்கள்.

எத்தனை குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

திட்டமிட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு பொதுப் பல் மருத்துவமனையின் அன்றாட வேலையில் திரும்பத் திரும்ப வருபவை சில டஜன் குறியீடுகளே. அவை கைப்பழக்கத்தில் தாமாகவே பதிந்துவிடும். ஆண்டுதோறும் வெளிவரும் மாற்றப் பட்டியலைப் படிப்பதுதான் முக்கியம்: எவை புதியவை, எவை நீக்கப்பட்டன, எவற்றின் வாசகம் திருத்தப்பட்டது என்பதை நீங்கள் அதிகம் பயன்படுத்தும் குறியீடுகளுக்காவது பார்த்துவிடுங்கள். புதிய பதிப்பு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் எந்தப் பதிப்பு என்பதை முடிவு செய்வது கிளெய்ம் அனுப்பும் நாள் அன்று, சிகிச்சை நடந்த நாள். டிசம்பர் 29 அன்று செய்த சிகிச்சைக்கு ஜனவரி இரண்டாம் வாரத்தில் கிளெய்ம் அனுப்பினாலும், பழைய ஆண்டின் குறியீட்டையே எழுத வேண்டும்.